பாய்மரத்தை எண்ணிவிட்டுப் பலகையை வெட்டுங்கள்: கப்பல் மாதிரி செய்யப் புதிதாக வருபவர்களுக்கு

பழங்காலக் கப்பலின் படம் ஒன்றைப் பார்த்ததும் கண் முதலில் உடலுக்கும் பீரங்கிகளுக்கும் போகும். ஆனால் அது என்ன வகை என்பதைப் பெரும்பாலும் சொல்வது பாய்மரங்களின் எண்ணிக்கையும் அவற்றில் பாய் தொங்கும் விதமும்தான். இது படித்து ரசிப்பதற்கான தகவல் மட்டுமல்ல. எத்தனை மரம், எத்தனை பாய் என்று தெரிந்தால் எத்தனை கயிறு கட்ட வேண்டியிருக்கும் என்பது தெரிந்துவிடும். முதல் மாதிரியைப் பாதியில் விட்டவர்களில் பலர் அந்தக் கணக்கைப் போடாமல் தொடங்கியவர்கள்.

தொடங்கும் முன் சில சொற்கள். கடற்கரைத் தமிழில் கப்பலின் முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். அடியில் நீளவாக்கில் ஓடும் மரம் ஏரா. அதன் மேல் விலா எலும்புபோல் நிற்பவை வங்குகள். பாயைத் தாங்கும் கிடைமரம் பருமல். கிட் (மாதிரி செய்வதற்கான பாகங்கள் அடங்கிய தொகுப்பு) பெட்டியோடு வரும் குறிப்பேட்டில் இவையே பவ், ஸ்டெர்ன், கீல், ஃப்ரேம், யார்டு என்று இருக்கும்.

குறுக்குப் பாயா, நெடுக்குப் பாயா

பருமல் கப்பலின் அகலவாக்கில் தொங்கினால் அது குறுக்குப் பாய். பாயின் முன்விளிம்பு மரத்தையோ கயிற்றையோ பற்றிக்கொண்டு கப்பலின் நீளவாக்கில் நின்றால் நெடுக்குப் பாய். இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டால் மீதி எளிது.

மூன்று பாய்மரம், மூன்றிலும் குறுக்குப் பாய் என்றால் முழுப்பாய்க் கப்பல். கடைசி மரத்தில் மட்டும் நெடுக்குப் பாய் இருந்தால் பார்க். முதல் மரத்தில் மட்டும் குறுக்குப் பாய், மற்றவற்றில் நெடுக்கு என்றால் பார்கன்டைன். இரண்டே மரம், இரண்டிலும் குறுக்கு என்றால் பிரிக். முன்மரத்தில் குறுக்கும் பின்மரத்தில் நெடுக்கும் இருந்தால் பிரிகன்டைன். எல்லா மரத்திலும் நெடுக்குப் பாயே பிரதானம் என்றால் ஸ்கூனர்.

புதியவர்கள் தடுமாறும் இடங்கள் இரண்டு. முழுப்பாய்க் கப்பலின் கடைசி மரத்திலும் கீழே ஒரு நெடுக்குப் பாய் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு 'இது பார்க்' என்று முடிவு கட்டக் கூடாது. அந்த மரத்தின் மேலே பருமல்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் முழுப்பாய், இல்லையென்றால் பார்க். இரண்டாவது, சில ஸ்கூனர்களின் முன்மரத்து உச்சியில் ஒன்றிரண்டு குறுக்குப் பாய்கள் இருப்பதால் பிரிகன்டைன் போலத் தோன்றும். முன்மரத்தின் கீழ்ப்பகுதியில் பெரிய நெடுக்குப் பாய் இருந்தால் அது ஸ்கூனர்தான்.

பெயர் உடலோடு ஒட்டியதல்ல என்பதற்கு பீகிள் நல்ல சாட்சி. டார்வின் பயணம் செய்த அந்தக் கப்பல் 1820-இல் இரட்டை மர பிரிக் ஆக நீரில் இறங்கியது. 1825-இல் மூன்றாவது மரம் வைத்தார்கள், பார்க் ஆனது. கட்டி சார்க் 1869-இல் முழுப்பாய்க் கிளிப்பராக, அதாவது வேகமான வணிகக் கப்பலாக, இறங்கியது. 1916-இல் புயலில் மரங்கள் போனபின் பார்கன்டைனாக மாற்றப்பட்டது. இரண்டுக்கும் உடல் அதே உடல்தான். ஆகவே மாதிரி செய்யுமுன் கப்பலின் பெயரோடு எந்த ஆண்டின் தோற்றம் என்பதையும் முடிவு செய்ய வேண்டும்.

போர்க்கப்பலில் மூடிய தளங்களில் எத்தனை பீரங்கி வரிசை என்று எண்ணுங்கள். மூன்று வரிசை என்றால் மிகப் பெரிய வகை. 1765-இல் இறங்கிய விக்டரி அப்படிப்பட்டது. ஒரே வரிசையும் மூன்று மரமும் இருந்தால் பெரும்பாலும் ஃப்ரிகேட். 1817-இல் பம்பாயில் தேக்கில் கட்டிய டிரிங்கமாலி இன்றும் மிதக்கும் நல்ல எடுத்துக்காட்டு. பாயில் மூங்கில் சட்டங்கள் குறுக்கே ஓடினால் சீன ஜங்க். சாய்ந்த நீண்ட பருமலில் முக்கோணப் பாய் தொங்கினால் அரபிக் கடல் தௌ அல்லது மத்தியதரைக் கடல் கலங்கள்.

காலத்தைக் காட்டிக்கொடுக்கும் பொருட்கள்

கிட் தயாரிப்பாளர்கள் ஒரே உதிரிப்பாகத்தைப் பல கப்பல்களுக்குப் போடுவதுண்டு. அங்கேதான் பிழை நுழைகிறது.

சுக்கான் சக்கரம் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வழக்குக்கு வந்தது. அதற்கு முன் தளத்திலிருந்து செங்குத்தாக இறங்கும் ஒரு நெம்புகோலால் சுக்கானைத் திருப்பினார்கள். 1628-இல் முதல் பயணத்திலேயே மூழ்கிய வாசா கப்பலின் மாதிரியில் சக்கரம் இருந்தால் எடுத்து எறியலாம். அடிப்பகுதிச் செப்புத் தகடு பிரிட்டிஷ் கடற்படையில் 1761-இல் அலார்ம் என்ற ஃப்ரிகேட்டில் சோதிக்கப்பட்டு, 1780-ஐ ஒட்டித்தான் பரவலானது. விக்டரிக்கே 1780-இல்தான் தகடு ஏறியது. 17-ஆம் நூற்றாண்டுக் கப்பலின் அடியில் செப்பு மின்னினால் தவறு. வெள்ளை அல்லது அழுக்கு வெள்ளைப் பூச்சே பொருத்தம். வணிகக் கப்பலின் மேற்பாய் (மரத்தின் அடிப்பாய்க்கு அடுத்து மேலே உள்ள குறுக்குப் பாய்) மேல்-கீழ் என இரண்டாகப் பிரிந்திருந்தால் அது 1850-களுக்குப் பிந்தைய ஏற்பாடு. மாலுமிகளைக் குறைப்பதற்காக வந்தது.

பலகைகள் மீன் செதில்போல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் வட ஐரோப்பிய மரபு. வைக்கிங் கலங்கள் அப்படித்தான். சுக்கான் துடுப்பும் அவற்றில் வலப்பக்க விளிம்பில் இருக்கும். பலகைகள் விளிம்போடு விளிம்பு ஒட்டி வழவழப்பாக இருந்தால் மற்ற பெரும்பாலான ஐரோப்பியப் பெருங்கப்பல்கள்.

கொலம்பஸின் சாந்தா மரியா, மேஃப்ளவர் இரண்டுக்கும் வரைபடம் எதுவும் எஞ்சவில்லை. அவற்றின் மாதிரிகள் எல்லாம் ஊகமே. பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி. துல்லியம் வேண்டுபவர்கள் வாசா போல 1961-இல் வெளியே எடுக்கப்பட்டு அங்குலம் அங்குலமாக அளக்கப்பட்ட கப்பலைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் முதல் மாதிரியாக அல்ல: அதன் உடலில் உள்ள சிற்பங்களே ஆளை வீழ்த்திவிடும்.

முதல் கப்பலும் அளவும்

ஒரு மரம் அல்லது இரண்டு மரம், நெடுக்குப் பாய், ஒரே தளம். ஸ்கூனர், ஒற்றை மரக் கட்டர் போன்றவை. இதற்கு மேல் முதல் முயற்சியில் போக வேண்டாம். காரணம் கயிற்றுக் கணக்கு: முழுப்பாய்ப் போர்க்கப்பலில் கீழ்மரம் (பாய்மரத்தின் அடிப்பகுதி) ஒன்றுக்கு ஒரு பக்கம் 8 பக்கக்கயிறு (மரத்தைப் பக்கவாட்டில் தாங்குபவை), அதில் ஏணிப்படிபோல் குறுக்கே 30 படிக்கயிறு என்று வைத்தால் 240 முடிச்சு. இரு பக்கமும் மூன்று மரமும் சேர்த்து 1,440. மேல்மரங்களுக்கும் பருமல்களுக்கும் உள்ளவை இதில் சேரவில்லை.

அளவு விகிதத்தை மனித உயரத்தால் யோசித்தால் கைக்கு விளங்கும். 1.7 மீட்டர் மனிதன் 1:48-இல் 35 மி.மீ., 1:64-இல் 27, 1:96-இல் 18. உருவம் சிறுக்கச் சிறுக்கக் கயிறும் கப்பியும் கண்ணுக்கு எட்டாமல் போகும். அதே சமயம், அணியத்தில் முன்னோக்கி நீட்டியிருக்கும் முனைமரம் உட்பட ஏறக்குறைய 69 மீட்டர் நீளமுள்ள விக்டரி 1:96-இல் 72 செ.மீ. வரும், 1:48-இல் 1.44 மீட்டர். மேசையை அளந்துவிட்டு வாங்குங்கள். சிறிய கப்பலை 1:64 அல்லது 1:48-இல் செய்வது புதியவருக்கு ஏற்றது.

கருவிகள் அதிகம் வேண்டாம்: கூர்மையான மாற்று அலகுக் கத்தி, எஃகு அளவுகோல், மூலைமட்டம், நுண்பல் ரம்பம், இடுக்கி, 0.5 முதல் 1.5 மி.மீ. வரையான கைத்துளைப்பான், துணி மாட்டும் கிளிப்புகள் இருபது, மணல்தாள் 120, 180, 240, 320. பசை இரண்டு: வெள்ளை மரப்பசை, சூப்பர் க்ளூ. மணல்தாள் பிடிக்கும்போது முகக்கவசம் போடுங்கள். குறிப்பாக வால்நட் தூள் மூச்சுக்குழாயை உறுத்தும்.

சட்டகம்: இங்கே கோணினால் கடைசிவரை கோணல்

கிட்டுகளில் மிகுதியாக வருவது ஏராவாக நிற்கும் ஒரு ப்ளைவுட் பலகை, அதில் சொருகும் வங்குத் தட்டுகள், மேலே இரண்டு அடுக்குப் பலகை. பெட்டியைத் திறந்ததும் பாகங்களைப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பிறகு ஏராப் பலகையை ஒரு முனையிலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். வளைந்திருந்தால் ஈரப்படுத்தி, சமதளக் கண்ணாடிமேல் வைத்து, கனத்தை ஏற்றி இரண்டு நாள் விடுங்கள். வளைவோடு ஒட்டத் தொடங்கினால் பலகை ஏறியபின் எந்த வித்தையாலும் நிமிர்த்த முடியாது.

வங்குகளைப் பசையில்லாமல் முதலில் சொருகுங்கள். இறுக்கமாக இருந்தால் பள்ளத்தை மணல்தாளால் தேயுங்கள், தட்டி இறக்காதீர்கள், ஏரா பிளக்கும். தள விளிம்பில் எல்லா வங்குகளின் தலையும் ஒரே வளைகோட்டில் இருக்கிறதா என்று பார்த்தபின் ஒட்டுங்கள். ஒவ்வொன்றையும் மூலைமட்டத்தால் 90 பாகையில் நிறுத்தி, பசை காயும்வரை பிடித்து வையுங்கள். இங்கே வெள்ளைப் பசைதான் நல்லது. சூப்பர் க்ளூ நொடியில் பிடித்துக்கொள்வதால் திருத்த நேரம் தராது.

அடுத்தது சாய்வு தேய்ப்பது. அணியத்திலும் அமரத்திலும் வங்குகளின் விளிம்பு சாய்வாகத் தேயாவிட்டால் பலகை ஒரு கூர்முனையில் மட்டுமே தொடும். ஒரு மெல்லிய பட்டையைப் பல வங்குகளின்மேல் வளைத்து வைத்துப் பாருங்கள். எங்கும் வெளிச்சம் தெரியக் கூடாது. தெரியும் இடத்துக்குப் பக்கத்து வங்கைத் தேயுங்கள். தேய்த்தது அதிகமாகிவிட்டால் 0.5 மி.மீ. பட்டையை ஒட்டி உயர்த்தலாம். அணியத்தின் முதல் இடைவெளியைப் பால்சா கட்டையால் நிரப்பி வடிவம் கொடுத்தால் பலகையின் முனை உட்காரப் போதிய இடம் கிடைக்கும்.

பலகை ஒட்டுதல்

எல்லாப் பலகையும் ஒரே அகலத்தில் அணியம்வரை போகும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. கப்பலின் நடுப்பகுதி பருத்தது, முனைகள் ஒடுங்கியவை. ஆகவே பலகையும் ஒடுங்க வேண்டும்.

கணக்கு இது. நடு வங்கில் தள விளிம்பிலிருந்து ஏராவரை வளைவோடு சேர்த்துக் காகிதப் பட்டையால் அளங்கள். 90 மி.மீ. என்று வந்தால், 5 மி.மீ. பலகைகள் 18 வேண்டும். அணியத்து வங்கை அளந்தால் 60 வந்தது என்று கொள்ளுங்கள். 60-ஐ 18-ஆல் வகுத்தால் 3.3. அதாவது நடுவில் 5 மி.மீ. இருக்கும் பலகை அணியத்தில் 3.3 ஆகக் குறைய வேண்டும். ஒவ்வொரு வங்கிலும் இதே வகுத்தலைச் செய்து பென்சிலால் குறித்துவிட்டால் பலகை எங்கே போக வேண்டும் என்று கோடே சொல்லும்.

பலகையைப் பாதி அகலத்துக்குக் கீழே குறைக்காதீர்கள், முனை நார்நாராகும். அணியம் 40 மி.மீ. மட்டுமே என்றால் 18 பலகைக்குத் தலா 2.2 தான் வரும். அப்போது இரண்டிடங்களில் இரண்டு பலகைகளை ஒன்றாக முடித்து, அவற்றின் தொடர்ச்சியாக ஒரு பலகையை விடுங்கள். 16 பலகை ஆகும், தலா 2.5. அமரத்தில் எதிர்ச் சிக்கல்: அங்கே பரப்பு அகலமாகி 108 மி.மீ. வரலாம். பலகையை அகலப்படுத்த முடியாது. எனவே இடையில் ஆப்பு வடிவத் துண்டுகள் மூன்று நான்கு செருக வேண்டும். உண்மையான கப்பல் தச்சர்களும் இதையே செய்தார்கள்.

ஒட்டும் வரிசை: முதல் பலகை தள விளிம்பை ஒட்டி. ஒரு பக்கம் ஒன்று ஒட்டினால் அடுத்தது மறுபக்கம். ஒரே பக்கத்தை முடித்துவிட்டு மற்றதைத் தொட்டால் பசை காயும்போதும் பலகை இறுகும்போதும் ஏரா வாழைப்பழம்போல் வளைந்துவிடும். மேலிருந்து நான்கைந்து பலகை, கீழே ஏராவிலிருந்து இரண்டு மூன்று என இரு திசையிலும் வந்து நடுவில் மூடுங்கள்.

அணியத்து வளைவுக்குப் பலகையை வெந்நீரில் 15 முதல் 20 நிமிடம் ஊறவிட்டு, கையால் வளைத்து, அதே இடத்தில் கிளிப் போட்டு முழுக்கக் காயவிடுங்கள். காய்ந்தபின்தான் பசை. ஈரப் பலகை பருத்திருக்கும். அப்படியே ஒட்டினால் மறுநாள் சுருங்கி இடுக்கு விடும். பலகையைத் தட்டையாக வைத்து விளிம்புவாக்கில் வளைக்க முயன்றால் அது ஒரு பக்கம் எழும்பும். எழும்பியதை அழுத்தி ஆணியடித்தாலும் மறுபடி எழும்பும். அது 'குறைக்க வேண்டிய அகலத்தைக் குறைக்கவில்லை' என்று பலகை சொல்வது; கழற்றி, அகலத்தைக் குறைத்து, மறுபடி வையுங்கள்.

முதல் அடுக்கில் சிறு இடுக்குகள் பரவாயில்லை. தேய்த்த மரத்தூளை வெள்ளைப் பசையில் குழைத்து நிரப்பி 120-இல் தொடங்கி 240 வரை தேயுங்கள். கண்ணை நம்பாதீர்கள், விரல் நுனியால் தடவினால்தான் பள்ளம் தெரியும். இரண்டாவது அடுக்கு 0.5 மி.மீ. அளவே இருக்கும், அதில் தேய்க்க அதிக இடமில்லை. வார்னிஷ் மட்டும் பூசப்போவதானால் சூப்பர் க்ளூ கசியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கசிந்த இடத்தில் வார்னிஷ் ஊறாமல் திட்டாகத் தெரியும்.

தளத்துக்கு, உண்மைப் பலகை 6 மீட்டர் நீளம், 25 செ.மீ. அகலம் என்று கொண்டால் 1:64-இல் 94 மி.மீ., 4 மி.மீ. வரும். முழுத் தளத்துக்கும் ஒரே நீளப் பட்டை ஒட்டினால் பொம்மைபோல் இருக்கும். கலப்பற்று வரிக்கு (பலகை இடுக்கை அடைத்த கருங்கோடு) ஒவ்வொரு பட்டையின் விளிம்பிலும் மென்பென்சில் தேயுங்கள். மார்க்கர் வேண்டாம்: மரநாரில் ஊறிப் பரவும்.

மரமும் கயிறும்

உருளைக் குச்சியை மேல்நோக்கி மெலியவைக்கக் கத்தியை நேராக இழுத்தால் ஒரு பக்கம் சாயும். முதலில் சதுரமாகச் சீவி, சதுரத்திலிருந்து எட்டுப் பக்கம், அதிலிருந்து பதினாறு, பிறகு மணல்தாள் என்று போங்கள். கயிறு கட்டும் கப்பிகளையெல்லாம் பருமலை மரத்தில் ஏற்றுமுன் மேசையிலேயே கட்டிவிடுங்கள். ஏற்றியபின் இடுக்கி நுழையாது.

கயிற்றின் தடிமனில் பெரிய பொறி ஒன்று உண்டு. பழைய ஆங்கிலப் பட்டியல்கள் கயிற்றைச் சுற்றளவால் குறிப்பவை, விட்டத்தால் அல்ல. '6 அங்குலக் கயிறு' என்றால் விட்டம் 1.9 அங்குலம், ஏறக்குறைய 48 மி.மீ.; 1:64-இல் 0.75 மி.மீ. நூல் போதும். விட்டம் என்று நினைத்து வகுத்தால் 2.4 மி.மீ. வரும்; கப்பல் வடம் சுற்றிய பொட்டலமாகிவிடும். மரத்தைத் தாங்கும் நிலைக்கயிறுகள் தார் பூசியவை, எனவே கருமை. பாயை இயக்கும் கயிறுகள் வெளிர்பழுப்பு. நூலைத் தேன்மெழுகில் ஒருமுறை இழுத்தால் மயிரிழைகள் படியும்.

பக்கக்கயிறுகளை வலப்பக்க முன் இணையில் தொடங்கி, அடுத்து இடப்பக்க இணை என மாறி மாறிப் போடுங்கள். இல்லாவிட்டால் மரம் ஒரு பக்கம் சாயும். அவற்றின் அடியில் மூன்று துளை வட்டக் கட்டைகள் இணையாக வரும். கிட்டில் டெட்ஐ என்றிருக்கும். புதியவரின் மாதிரியை முதல் பார்வையில் காட்டிக்கொடுப்பது மேல்வரிசைக் கட்டைகள் மேடுபள்ளமாக நிற்பது. விறைப்பான கம்பி ஒன்றை 'ப' வடிவில் வளைத்து, ஒரு முனையைக் கீழ்க் கட்டையின் துளையிலும் மறுமுனையை மேல்கட்டையிலும் மாட்டுங்கள். அந்தக் கம்பி இடைவெளியைப் பிடித்திருக்க, கயிற்றை மேல்கட்டையில் சுற்றிக் கட்டுங்கள். எல்லா இணைக்கும் அதே கம்பி. வரிசை தானாக நேராகும்.

படிக்கயிறுகளின் இடைவெளி உண்மையில் 33 முதல் 38 செ.மீ.; 1:64-இல் 5 முதல் 6 மி.மீ. கோடு போட்ட அட்டையைப் பின்னால் வைத்துக் கட்டுங்கள். முடிச்சை இறுக்கி இழுத்தால் பக்கக்கயிறுகள் உள்வாங்கி உடுக்கைபோல் இடுப்பு சிறுக்கும். அதைத் தடுக்க முதலில் ஐந்தாவது, பத்தாவது, பதினைந்தாவது படிகளைக் கட்டி அகலத்தை நிலைநிறுத்திவிட்டு இடையில் நிரப்புங்கள். முடிச்சுக்குத் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை ஒரு பொட்டு. சூப்பர் க்ளூ வெள்ளைப் படலம் விட்டு நூலை முறியவைக்கும்.

இயக்கக் கயிறுகளை மரத்தடியில் கட்டுபவற்றில் தொடங்கி, பக்க விளிம்புக்கு வருபவற்றைக் கடைசியில் கட்டுங்கள். வெளியே உள்ளதை முதலில் கட்டியவர்கள் பிறகு உள்ளே கைவிட வழியில்லாமல் அறுத்ததுண்டு.

முடிந்த கப்பலில் தூசி படிந்தால் கயிற்றுக்கு நடுவே துடைக்க முடியாது. கண்ணாடிப் பெட்டி அவசியம். ஆனால் காற்றுப் புகாமல் மூடாதீர்கள். சில மரங்களும் ப்ளைவுட்டும் பசைகளும் அமில ஆவி விடும். பெட்டிக்குள் அது தேங்கினால், ஈயம் கலந்த வார்ப்புப் பீரங்கிகளும் நங்கூரங்களும் சில ஆண்டுகளில் வெள்ளைத் தூளாகப் பூத்துச் சிதையும். ஈயம் கலக்காத பாகங்களுக்கு மாற்றிக்கொள்வது முதல் வழி. பெட்டியின் அடியிலும் மேல்பகுதியிலும் வலை ஒட்டிய சில துளைகள் விடுவது இரண்டாவது.